கேபினெட் நிலம் வாங்குவதை ஸ்க்ரூட்டினி கமிட்டி நிறுத்த முடியுமா?

தம்பி கேட்ட கேள்வி சுருக்கமாக இதுதான். அவர் இங்கிலாந்தில் இருக்கும் ஊரின் கவுன்சிலில், அதாவது உள்ளாட்சி மன்றத்தில், முடிவெடுக்கும் சிறு குழுவான கேபினெட், தனியார் ஒருவருக்குச் சொந்தமான பழைய மரக்கிடங்கு நிலத்தை வீடு கட்டுவதற்காக வாங்க முடிவெடுத்திருக்கிறது. விலையை வெளியே சொல்லவில்லை. எதிர்க்கட்சிக் கவுன்சிலர்கள் சிலர் சேர்ந்து அந்த முடிவை 'கால்-இன்' செய்து, விசாரிக்கும்வரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அடுத்த வாரம் கேபினெட் முடிவுகளைத் துருவிப் பார்க்கும் ஸ்க்ரூட்டினி கமிட்டி கூடுகிறது. "அக்கா, இதோட நின்னுடுமா? நாங்க போய் உட்காரலாமா?"

நிற்காது. போய் உட்காரலாம். இதோடு முடித்துவிடலாம்தான். ஆனால் லண்டனில் ஒரு கவுன்சிலில் கமிட்டி கிளார்க்காகப் பதினொரு வருஷம் குப்பை கொட்டியவள் என்பதால், நிறுத்த முடியாத ஒரு கூட்டத்துக்கு ஏன் போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் இந்த அமைப்பு எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் அதனிடம் எதை எதிர்பார்க்கலாம் என்று புரியும். முன்பெல்லாம் கவுன்சில் முடிவுகளைக் கமிட்டிகள்தான் எடுத்தன, எல்லாக் கட்சிக் கவுன்சிலர்களும் அவற்றில் இருந்தார்கள். 2000-ஆம் ஆண்டு வந்த உள்ளாட்சிச் சட்டம் அதை மாற்றி, லீடரையும் சேர்த்து அதிகபட்சம் 10 பேர் கொண்ட கேபினெட்டிடம் பெரும்பாலான முடிவுகளைக் கொடுத்தது. மீதியுள்ள ஐம்பது அறுபது கவுன்சிலர்கள் சும்மா இருக்க முடியாதே, அவர்களுக்குக் கொடுத்த வேலைதான் ஸ்க்ரூட்டினி. கேபினெட்டில் இருப்பவர் அந்தக் கமிட்டியில் இருக்க முடியாது. சில கவுன்சில்கள் 2011-இல் வந்த லோக்கலிசம் சட்டத்தைப் பயன்படுத்திப் பழைய கமிட்டி முறைக்கே திரும்பிவிட்டன, உங்கள் ஊர் அப்படியில்லை என்பது கேபினெட் என்று நீங்கள் எழுதியதிலிருந்தே தெரிகிறது.

கால்-இன் என்பது கேபினெட் எடுத்த முடிவை நடைமுறைக்கு வரும் முன்னால் பிடித்து வைப்பது. முடிவு வெளியான பிறகு பொதுவாக 5 வேலை நாள் கெடு இருக்கும், எத்தனை கவுன்சிலர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும், அந்தந்தக் கவுன்சிலின் விதிப் புத்தகமான கான்ஸ்டிட்யூஷனில் எழுதியிருக்கும். கமிட்டி கூடி விசாரித்த பிறகு, முடிவை அப்படியே போகவிடலாம், அல்லது காரணம் எழுதி மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். பட்ஜெட்டையோ கவுன்சில் ஏற்கெனவே நிறைவேற்றிய கொள்கையையோ இந்த முடிவு மீறுகிறது என்றால் முழுக் கவுன்சிலுக்கும் அனுப்பலாம். திருப்பி அனுப்பினாலும் கேபினெட் அடுத்த வாரமே கூடி, "யோசித்தோம், அதேதான்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதே முடிவை இரண்டாவது தடவை கால்-இன் செய்யவும் பெரும்பாலான கவுன்சில்களில் வழியில்லை. அப்புறம் இன்னொன்று, ஸ்க்ரூட்டினி கமிட்டியின் இடங்கள் கட்சிகளின் பலத்துக்கு ஏற்பத்தான் பிரிக்கப்படும். ஆளும் கட்சிக்குத்தான் அங்கேயும் பெரும்பான்மை. தலைவர் நாற்காலியை எதிர்க்கட்சிக்கு விட்டுக்கொடுக்கும் கவுன்சில்கள் உண்டு, ஆனாலும் கை தூக்கும்போது கணக்கு கணக்குதான்.

அப்படியானால் எதற்கு இந்தக் கூத்து?

நான் குறிப்பெடுத்த ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன், எந்த ஊர் என்று வேண்டாம். அங்கேயும் நிலம் வாங்கும் விஷயம்தான். எதிர்க்கட்சிக்காரர்கள் வரிசையாக ஆவேசமாகப் பேசினார்கள், மக்கள் பணம், கட்சி அரசியல், அது இது என்று. அதிகாரிகள் முகத்தில் சலனமே இல்லை. கடைசியில் ஆளும் கட்சியைச் சேர்ந்த, கூட்டங்களில் அதிகம் வாய் திறக்காத ஓர் அம்மா கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, "இந்த மதிப்பீடு எந்தத் தேதியில் எடுத்தது?" என்று கேட்டார். அதிகாரி பக்கத்தைப் புரட்டினார், பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ கேட்டார். பதினான்கு மாதத்துக்கு முந்தையது. அந்த அம்மா, "சரி" என்று மட்டும் சொன்னார். ஓட்டெடுப்பில் கால்-இன் தோற்றுத்தான் போனது. ஆனால் கையெழுத்துப் போடும் முன் புது மதிப்பீடு எடுத்தார்கள், அது குறைவாக வந்தது, பேரமும் மறுபடி நடந்தது. கூட்டத்தின் அதிகாரபூர்வக் குறிப்பான மினிட்ஸில் ஒரே ஒரு வரி. அந்த வரி இருந்ததால்தான் எவராலும் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

கால்-இன்னின் பலம் இதுதான். அதிகாரிகளையும் கேபினெட் உறுப்பினரையும் ஓர் அறையில் உட்கார வைத்து, பதிவாகும்படி பதில் சொல்ல வைப்பது. அதனால் அடுத்த வாரம் உங்கள் ஆட்கள் என்ன கேட்கப் போகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

விலையில் ஆரம்பிக்கலாம். வீடு கட்டும் நிலத்துக்கு மதிப்பீட்டாளர்கள் பெரும்பாலும் போடுவது மிச்சக் கணக்கு. கட்டி முடித்து எல்லா வீட்டையும் விற்றால் என்ன வரும், அதில் கட்டும் செலவு, கட்டணங்கள், வட்டி, லாபம் எல்லாம் போக எது மிஞ்சுகிறதோ அது நிலத்தின் விலை. புரிவதற்காக நானே எண்களை வைத்துக்கொள்கிறேன். 40 ஃப்ளாட், ஒவ்வொன்றும் 4 லட்சம் பவுண்டு, மொத்தம் 160 லட்சம். கட்டும் செலவு 100 லட்சம், வட்டி, லாபம், மற்றதெல்லாம் சேர்த்து 35 லட்சம். மிச்சம் 25 லட்சம், அதுதான் நிலத்துக்கு. இப்போது கட்டும் செலவு 10 சதவீதம் ஏறினால் மிச்சம் 15 லட்சமாகிவிடும். அதோடு விற்பனை விலையும் 5 சதவீதம் இறங்கினால் வெறும் 7 லட்சம். பார்த்தீர்களா, மேலே லேசாக ஆடினால் கீழே நிலத்தின் விலை நாலில் ஒரு பங்குக்கு வந்து விழுகிறது. ஆகவே "தகுதி பெற்ற சர்வேயர் மதிப்பிட்டிருக்கிறார்" என்ற பதிலோடு கமிட்டி திருப்தி அடைந்துவிட்டால் அந்த மாலை வீண். எத்தனை வீடு என்று வைத்துக் கணக்குப் போட்டார், அத்தனை வீட்டுக்கு பிளானிங் அனுமதி இருக்கிறதா அல்லது கிடைக்கும் என்ற நம்பிக்கைதானா, செலவு ஏறினால் என்ன ஆகும் என்று பார்த்தாரா, இதெல்லாம் கேட்டே ஆக வேண்டும். அனுமதி இன்னும் வரவில்லை என்றால், வரும் என்ற நம்பிக்கைக்கும் சேர்த்துத்தான் விற்பவர் விலை கேட்பார். அந்த நம்பிக்கைக்குக் கவுன்சில் எவ்வளவு கொடுக்கிறது என்பதைத் தனியாகப் பிரித்துச் சொல்ல வையுங்கள்.

மரக்கிடங்கு என்று சொன்னதும் எனக்கு முதலில் தோன்றியது மண்தான். மரம் உளுத்துப் போகாமல் இருக்கக் க்ரியோசோட் என்னும் தார் எண்ணெயும், செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்தும் பல வருஷம் இங்கே பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்தக் கிடங்கில் மரத்தை வைத்து விற்றார்களா, அங்கேயே மருந்தில் முக்கினார்களா என்பது பெரிய வித்தியாசம். முக்கியிருந்தால் மண்ணைத் தோண்டி அகற்றும் செலவு யார் தலையில்? பழைய வரைபடங்களைப் பார்த்து எழுதும் அறிக்கை மட்டும் போதாது, துளை போட்டு மண் எடுத்துச் சோதித்தார்களா, அந்தச் செலவை விலையில் கழித்தார்களா என்று கேட்க வேண்டும்.

நீங்கள் வீட்டில் இருந்தபடியே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது, அதை இன்றைக்கே செய்யுங்கள். நிலப் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் அந்த நிலத்தின் டைட்டில் ரெஜிஸ்டரை 7 பவுண்டு கட்டி எடுக்கலாம். யார் பெயரில் இருக்கிறது, எந்தக் கடன் அதன் மேல் இருக்கிறது என்பதோடு, 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு கைமாறியிருந்தால் கொடுத்த விலையும் பெரும்பாலும் அதில் இருக்கும். உங்கள் கவுன்சில் சொல்ல மறுக்கும் விலை அதில் வராதுதான், ஆனால் இப்போது விற்பவர் எப்போது என்ன விலைக்கு வாங்கினார் என்று வந்துவிடும். இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கியவர் என்றால் கமிட்டியில் கேட்கக் கேள்வி தயாராகிவிட்டது. ஒன்று மட்டும் எச்சரிக்கை, நிலத்தை வைத்திருந்த கம்பெனியையே ஒருவர் வாங்கியிருந்தால் நிலம் கைமாறியதாக ரெஜிஸ்டரில் வராது. விலை இல்லை என்பதாலேயே ஏதோ மறைக்கிறார்கள் என்று குதித்துவிடாதீர்கள்.

இனி அந்த ரகசியம். 1972 உள்ளாட்சிச் சட்டத்தின் 12ஏ அட்டவணையில், ஒருவரின் வியாபார விவரங்கள் அடங்கிய தகவலை வெளியிடாமல் வைத்திருக்க அனுமதி இருக்கிறது, வெளியிடுவதைவிட மறைப்பதுதான் பொதுநலன் என்றால். அப்படிப் பிரித்த பக்கங்களைப் பல இடங்களில் இளஞ்சிவப்புத் தாளில் அச்சிடுவார்கள், ஆபீஸில் 'பிங்க் பேப்பர்' என்போம். கமிட்டி அந்தப் பகுதிக்கு வரும்போது பொதுமக்களை வெளியேற்றும் தீர்மானத்தைத் தலைவர் வாசிப்பார். ஒரு நவம்பர் இரவு இப்படித்தான் வாசித்ததும், பார்வையாளர் வரிசையில் இருந்த மூன்று பேரில் ஒரு பெரியவர் தன் ஃபிளாஸ்க்கை நிதானமாக மூடி, தொப்பியை மாட்டிக்கொண்டு, "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும், அம்மா?" என்று என்னிடம் கேட்டார். காரிடாரில் ரேடியேட்டரை ஒட்டி நாற்பது நிமிஷம் நின்றார். கூட்டம் முடிந்ததும் நான் பிங்க் தாள்களைத் திருப்பி வாங்கி எண்ணினால் கொடுத்தது 14 பிரதி, வந்தது 13. ஒரு கவுன்சிலரின் மடக்கிய குடைக்குள்ளிருந்து அந்த ஒன்று கிடைத்தது, அதுவும் நனைந்து போய். இவ்வளவு காவல் காத்த அந்த 9 பக்கத்தில் விலை இருந்தது 2 பக்கத்தில். மீதி 7 பக்கம் வெள்ளம் வரும் இடமா, சாலை வழி யாருடையது, பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு தூரம் என்ற சமாசாரங்கள்! அந்தப் பெரியவர் நின்று கேட்டிருக்க வேண்டியவை.

பேரம் நடக்கும்போது கவுன்சில் தன் உச்ச விலையைச் சொல்லக் கூடாது என்பதில் எனக்கு மறுப்பில்லை. சொல்லிவிட்டால் விற்பவர் அதற்குக் கீழே இறங்கவே மாட்டார், நஷ்டம் நமக்கு. ஆனால் விலையை மறைப்பது வேறு, அறிக்கை முழுவதையும் மறைப்பது வேறு. எண்களை மட்டும் கறுப்படித்துவிட்டு மீதியை வெளியிடுங்கள் என்று கேட்பது நியாயம், நிறைய நேரம் கொடுத்தும் விடுகிறார்கள். கேபினெட் மூடிய கதவுக்குள் ஒரு விஷயத்தைப் பேசப் போகிறது என்றால், அவசரம் இல்லாத பட்சத்தில், 28 நாள் முன்பே அறிவிப்புப் போட வேண்டும் என்று 2012-இல் வந்த விதிகள் சொல்கின்றன. ஏன் திறந்த கூட்டமாக இருக்கக் கூடாது என்று பொதுமக்கள் எழுதினால், அதற்கான பதிலோடு கூட்டத்துக்கு முன் இன்னொரு அறிவிப்பு வர வேண்டும். என் பதினொரு வருஷத்தில் அப்படி எழுதியவர்கள் இரண்டே பேர். உங்கள் விஷயத்தில் அந்தக் கட்டம் தாண்டிவிட்டது, அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூட்டினி கவுன்சிலர்களுக்கு இன்னும் ஒரு வசதி உண்டு. தாங்கள் ஆராயும் முடிவு சம்பந்தப்பட்டது என்றால் ரகசியத் தாள்களையும் அவர்கள் கேட்டு வாங்கலாம். "எனக்கே காட்டவில்லை" என்று கூட்டத்தில் வந்து புலம்பும் கவுன்சிலரிடம், எழுத்தில் கேட்டீர்களா என்று விசாரியுங்கள்.

கேள்வி கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம், நம்மவர்கள் இத்தனை பேர் வாழும் தெற்கு லண்டன் குரொய்டனே போதும். 2018-இல் அந்தக் கவுன்சில் குரொய்டன் பார்க் ஹோட்டலை 2 கோடியே 98 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. வாடகை வரும், அந்த வருமானம் சேவைகளுக்கு உதவும் என்பது கணக்கு. 2020 கோவிட் காலத்தில் ஹோட்டலை நடத்திய கம்பெனி விழுந்தது, வாடகை நின்றது, பிறகு வாங்கிய விலைக்கு ஏறக்குறைய 50 லட்சம் பவுண்டு குறைவாகக் கட்டடத்தை விற்றார்கள். கோவிட்டை யார் கண்டது என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனால் 2020 அக்டோபரில் வெளித் தணிக்கையாளர் வெளியிட்ட பொதுநல அறிக்கை கோவிட்டைப் பிரதானக் குற்றவாளியாக்கவில்லை. நிர்வாகம் மொத்தமும் சேர்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தது என்ற பொருளில், 'கூட்டுக் குருட்டுத்தனம்' என்றே எழுதியது. அதிகாரிகள் கொண்டுவந்த திட்டங்களைக் கவுன்சிலர்கள் போதுமான அளவு துருவிக் கேட்கவில்லை என்பது அதன் பெரிய குறை. அடுத்த மாதமே கவுன்சில் 114 நோட்டீஸ் போட்டது, அதாவது கையில் காசில்லை, புதுச் செலவு கிடையாது. 2023-இல் குரொய்டன்காரர்களின் கவுன்சில் வரி ஒரேயடியாக ஏறக்குறைய 15 சதவீதம் ஏறியது. அந்த வருஷம் ஏப்ரலில் பில் வந்தபோது ஹோட்டலை நினைத்துத் திட்டியவர்கள் என் தெருவிலேயே இருந்தார்கள். ஹோட்டல் ஒன்றால் மட்டும் வந்ததில்லை அது, கவுன்சிலின் சொந்த வீட்டுக் கம்பெனிக்குக் கொடுத்த கடன்கள் அதைவிடப் பெரிது. ஆனால் எல்லாவற்றிலும் ஒரே குணம், எதிர்க்கேள்வி இல்லாமல் கடந்து போனது.

அந்தக் காலத்தில் குரொய்டன் மட்டும் இப்படிச் செய்யவில்லை. சர்ரேயில் ஸ்பெல்தோர்ன் என்று ஒரு லட்சம் பேர் வசிக்கும் சின்னக் கவுன்சில், 2016-இல் சன்பரியில் இருந்த பிபி எண்ணெய்க் கம்பெனி வளாகத்தை 35 கோடி பவுண்டுக்கும் மேல் கொடுத்து வாங்கியது. 2016 முதல் 2019 வரையான மூன்று நிதியாண்டுகளில் இங்கிலாந்துக் கவுன்சில்கள் 660 கோடி பவுண்டுக்கு வணிகச் சொத்து வாங்கியதாகத் தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது, முந்தைய மூன்று ஆண்டுகளைப் போல 14 மடங்கு. பிறகுதான் அரசு விழித்துக்கொண்டு, முக்கியமாக வருமானத்துக்காகச் சொத்து வாங்கத் திட்டமிடும் கவுன்சிலுக்கு அரசுக் கடன் கிடையாது என்று 2020 நவம்பரில் விதியை மாற்றியது. உங்கள் ஊர் வாங்குவது வீடு கட்ட என்பதால் அந்த விதி குறுக்கே வராது. ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. வீடு கட்ட முடியாமல் போனால் அந்த நிலத்தை என்ன செய்வார்கள்? வாங்கிப் போட்டுவிட்டு ஆறு வருஷம் வேலி கட்டி, காவலுக்கு ஆள் வைத்து, கடனுக்கு வட்டியும் கட்டிக்கொண்டிருக்கும் நிலங்கள் உண்டு.

அவசரம் என்பார்கள், அதற்கும் தயாராக இருங்கள். விற்பவர் இந்த மாதக் கடைசிக்குள் முடிக்காவிட்டால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார் என்ற வசனம் எல்லா நில அறிக்கையிலும் இருக்கும். சில நேரம் உண்மை. ஏலத்தில் சுத்தியல் விழுந்த உடனே 10 சதவீதம் கட்டி, பெரும்பாலும் 28 நாளில் மீதியை முடிக்க வேண்டும், அதற்குள் கமிட்டி கூட்டி யோசிக்க நேரமிருக்காது. அதனால்தான் அதிகாரியிடம் முன்கூட்டியே அதிகாரத்தை ஒப்படைத்து வைக்கிறார்கள். ஆனால் உங்களுடையது ஏலம் இல்லையே, நேரடிப் பேரம். பத்து வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் கிடங்குக்கு வேறு யார் இந்த மாதம் பணத்தோடு வந்து நிற்கிறார் என்று கேட்டால் தப்பில்லை. இன்னொன்று, நிலத்திலோ விற்பவரிடமோ தனக்கோ தன் கணவன், மனைவிக்கோ பண நலன் இருக்கும் கவுன்சிலர் அதைச் சொல்லிவிட்டு விலக வேண்டும், மறைத்தால் 2011 சட்டப்படி குற்றம். கவுன்சிலர்கள் தங்கள் பண நலன்களைத் தெரிவிக்கும் பதிவேடு இணையத்தில் இருக்கிறது, ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பார்த்துவிடுங்கள். பார்க்காமல் சந்தேகத்தை வாட்ஸாப்பில் பரப்புவது மட்டும் வேண்டாம்.

கூட்டம் நீங்கள் நினைப்பது போல நடக்காவிட்டாலும் கதை அன்றோடு முடியாது. ஒவ்வொரு வருஷமும் கோடையில் கவுன்சில் தன் கணக்குகளை 30 வேலை நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அந்த நாட்களில் அந்த வருஷத்து ஒப்பந்தங்களையும் பில்களையும் கேட்டுப் பார்க்கலாம், அந்த ஊர் வாக்காளர் தணிக்கையாளரிடம் ஆட்சேபணையும் எழுதலாம். நிலம் கைமாறிய பிறகு அதே 7 பவுண்டில் கவுன்சில் கொடுத்த விலையும் பெரும்பாலும் ரெஜிஸ்டரில் வந்துவிடும், அன்றைக்கு எந்தப் பிங்க் தாளும் தேவையில்லை.

சரி, அடுத்த வாரத்துக்கு. கூட்டத்துக்கு 5 வேலை நாள் முன்னால் அஜெண்டா வந்துவிடும், கால்-இன் செய்தவர்கள் எழுதிய காரணங்கள் அதில் இருக்கும், படியுங்கள். பொதுமக்கள் பேச அனுமதி உண்டா என்று கவுன்சிலில் கூட்டங்களைக் கவனிக்கும் பிரிவான டெமாக்ரடிக் சர்வீசஸுக்கு இப்போதே மின்னஞ்சல் அனுப்புங்கள், சில இடங்களில் இரண்டு நாள் முன்பே பதிய வேண்டும், பெரும்பாலும் 3 நிமிஷம்தான் தருவார்கள். பேச விடாவிட்டால் உங்கள் கேள்விகளை அந்தக் கமிட்டியில் இருக்கும் ஆளும் கட்சிக் கவுன்சிலர் ஒருவருக்கு அனுப்புங்கள், எதிர்க்கட்சிக்காரருக்கு எல்லோரும் அனுப்புவார்கள். நாலு பக்கம் வேண்டாம், மூன்று கேள்வி போதும், மதிப்பீட்டுத் தேதி அதில் ஒன்றாக இருக்கட்டும். வெளியே போகச் சொல்லும்போது சண்டை போடாதீர்கள், எதற்காக முழு அறிக்கையும் மூடப்பட்டது என்பதை மினிட்ஸில் பதியச் சொல்லிவிட்டுப் போங்கள். ஃபிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொள்ளுங்கள். அஜெண்டா வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், பழைய பழக்கம் விடவில்லை, பின்னிணைப்புகளை நான் படித்துப் பார்க்கிறேன்.